பதினான்காம் நம்பர் ஆசாமி

பாப்பா,

முப்பத்தோரு வயதானவளைப் பாப்பா என்று கூப்பிடாதீர்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டாய். உன்னோடு வேலை செய்பவர்கள் முன்னால் மட்டுமாவது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சியும் பார்த்துவிட்டாய். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் விட்டுவிடு. படித்து முடித்ததும் நீ என்னை என்னவென்று கூப்பிடப்போகிறாயோ எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நீ ஜப்பானுக்குப் புறப்படுகிறாய். இரண்டு வருஷம். ஹாலில் பெட்டி திறந்து கிடக்கிறது. உன் அம்மா அதில் மசாலாத்தூள் பொட்டலங்களை வைப்பதும், நீ எடுப்பதும், அவள் மறுபடி வைப்பதுமாக மூன்று நாளாக ஒரு போட்டி நடக்கிறது. நான் அதில் தலையிடவில்லை, எனக்கு வேறு கவலை. உன் ஆராய்ச்சித் திட்டத்தின் முதல் பக்கத்தில் ஒரு மனிதரின் ஸ்கேன் படம் இருக்கிறது. பதினான்காம் நம்பர். அறுபத்தாறு வயது, நோய் எதுவும் இல்லாதவர், அன்று காலை எதுவும் சாப்பிடாமல் வந்ததாகச் சொன்னவர், ஆனாலும் தொடையும் தோளும் இதயமும் விளக்குப் போட்ட மாதிரி தெரிந்தவர். ஏன் அப்படித் தெரிந்தார் என்று கண்டுபிடிக்கத்தான் நீ கடல் தாண்டிப் போகிறாய். பாப்பா, அந்த ஆள் நான்தான். அன்று காலை நான் ஒரு டம்ளர் பால் குடித்து, இரண்டு வாழைப்பழமும் தின்றிருந்தேன்.

நேரில் சொல்லத்தான் நினைத்தேன். மூன்று முறை வாயெடுத்தேன். முதல் முறை நீ போனில் இருந்தாய். இரண்டாம் முறை எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாய், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. மூன்றாம் முறை நன்றாகத்தான் ஆரம்பித்தேன், ஆனால் பெட்டியின் எடையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டேன். எழுதினால் பாதியில் பேச்சை மாற்ற முடியாது என்பதால் எழுதுகிறேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். உன் புரொபசரிடமும் காட்டலாம்.

முதலில் நான் அங்கே எப்படிப் போய் மாட்டினேன் என்று சொல்கிறேன். பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரம் பார்க்கும் வேலை செய்தவனுக்கு ஓய்வு என்பது பெரிய தண்டனை. வீட்டில் குறை கண்டுபிடிக்க உன் அம்மாவின் தோசையை விட்டால் வேறு ஒன்றும் இல்லை, அதற்கும் அவள் என் வாயை அடைத்துவிட்டாள். அப்போதுதான் உன் வேலையின் மேல் எனக்கு ஆர்வம் பிடித்தது. விடியும் முன்பே எழுந்து கிளம்புவாய். எங்கே என்று கேட்டால் "சர்க்கரை காய்ச்சப் போறேன்ப்பா" என்பாய். நான் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டேன். சர்க்கரை மாதிரி ஒன்றைச் செய்து, அதில் கதிர் வீசும் அணு ஒன்றைக் கோத்துவிடுகிறீர்கள். ஊசி வழியாக அது உடம்புக்குள் போகிறது. உடம்பில் எந்த இடம் அதிகமாகச் சர்க்கரை கேட்கிறதோ அந்த இடத்தில் போய்ச் சேர்கிறது. புற்றுக்கட்டிக்குப் பசி அதிகம், அதனால் அது தன்னையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்த அணு இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும் என்பதால் காலையில் செய்ததைக் காலையிலேயே ஊசி போட்டாக வேண்டும்.

"அது மருந்தாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். "இல்லப்பா, அது ஒண்ணையும் குணமாக்காது. எங்க போகுதுன்னு பாக்கறதுக்கு மட்டும்தான்." "போய்ட்டு?" "போய்ட்டு அணைஞ்சிடும்லா. வேற என்ன செய்யும்?" நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய். எனக்கோ அன்று முழுக்க அதே நினைப்பு. இப்படி உள்ளே போய், பார்த்து, ஒன்றும் செய்யாமல் அணைந்துபோகிற ஒரு பொருளைச் செய்யவா என் மகள் இத்தனை வருஷம் படித்தாள்? கேலியாக நினைக்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது. உள்ளே போனால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது. அப்போதுதான் கிளினிக் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். அறுபது வயது தாண்டிய, நோய் இல்லாத ஆட்கள் ஆராய்ச்சிக்குத் தேவை என்று போட்டிருந்தது. இடத்தைப் பார்த்தால் உன் இடம். உன்னிடம் சொல்லாமல் பெயர் கொடுத்தேன். நீ அந்தப் பக்கம் ஆய்வுக்கூடத்தில் சர்க்கரை காய்ச்சுகிறவள், ஆட்களின் பெயர் உனக்கு வராது, நம்பர்தான் வரும் என்று எனக்குத் தெரியும். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், நம்பர் போட்டு மணிக்கட்டில் கட்டிவிடும் பட்டையை எடுத்துக் காட்டி உன்னை அசத்திவிடலாம் என்று நினைத்தேன். அறுபத்தாறு வயதில் இது என்ன விளையாட்டு என்று கேட்காதே. உன் அம்மா கேட்டுவிட்டாள்.

எனக்குக் கொடுத்த தாள் மலாயில் இருந்தது. ஆறு மணி நேரம் புவாசா இருக்க வேண்டும், வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று தெளிவாகவே போட்டிருந்தது. புவாசா என்றால் என்ன? ரமலான் மாதத்தில் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் இருப்பது. அது தமிழில் விரதம். பத்து வருஷமாக மாதம் தவறாமல் முருகனுக்குக் கிருத்திகை விரதம் இருப்பவன் நான், எனக்கு விரதத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று தாளை மடித்து வைத்துவிட்டேன். அதிலும் பார், எனக்குக் கொடுத்த தேதி கிருத்திகையிலேயே வந்து விழுந்தது. ஒரே விரதத்தில் முருகனையும் விஞ்ஞானத்தையும் முடித்துவிடலாம் என்று எனக்கு ஒரே பெருமை. கிருத்திகை அன்று காலை நான் என்ன எடுத்துக்கொள்வேன் என்று உனக்கே தெரியும். குலா மெலாக்கா வெல்லம் கரைத்த பால் ஒரு டம்ளர், பீசாங் மாஸ் வாழைப்பழம் இரண்டு. உன் அம்மா டம்ளரை நீட்டியபடியே கேட்டாள்: "ஏங்க, வெறும் வயித்தோட வரச் சொன்னாங்கன்னீங்களே?" நான் சொன்னேன்: "இது என்ன சாப்பாடா? விரதத்துல இதெல்லாம் உண்டுடி."

அங்கே கவுண்டரில் ஒரு தமிழ் நர்ஸ் மிஸ்ஸி, உன்னைவிடச் சின்னப் பெண். "காலையில சாப்டீங்களா அங்கிள்?" என்று கேட்டது. "இல்லம்மா, விரதம்" என்றேன். "ஓகே, குட்" என்று ஃபாரத்தில் டிக் போட்டது. விரலில் குத்தி இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தார்கள், அதுவும் ஒழுங்காகவே இருந்தது. பாப்பா, அந்த நிமிஷம் நான் பொய் சொல்லவில்லை. சோறு தின்றால்தான் சாப்பிட்டது. பால் குடிப்பதைச் சாப்பிட்டேன் என்று நம் வீட்டில் எவன் சொல்வான்? அவள் கேட்டதும் தமிழ், நான் சொன்னதும் தமிழ். இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயங்களைப் பேசிவிட்டு, ஒருவருக்கொருவர் நன்றாகத் தலையாட்டிக்கொண்டோம்.

ஊசி போட வந்தவர் கனமான ஈய டப்பாவைத் திறந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. அன்று காலை நீ ஐந்து மணிக்குக் கிளம்பியது எனக்குத் தெரியும், கதவு சத்தம் கேட்டு விழித்தேன். நீ செய்தது என் கைநரம்பில் போகிறது என்று நினைத்தபோது, நீ பிறந்த அன்று உன்னைக் கையில் வாங்கினேனே, அந்த அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒரு மணி நேரம் மங்கலான அறையில் போர்வையோடு படுக்க வைத்தார்கள். பேசக்கூடாது, கையைக் காலை ஆட்டக்கூடாது. பேசினால் தொண்டைத் தசை சர்க்கரையை எடுத்துக்கொள்ளுமாம். உன் அம்மாவுக்கு இந்த அறையைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எங்கே போயிருக்கும், முழங்காலுக்குப் போயிருக்குமா, மூளைக்கு ஏறியிருக்குமா, நான் யோசிக்க யோசிக்க அங்கே சர்க்கரை செலவாகுமா என்று படுத்தபடியே கேள்வி மேல் கேள்வி. எதையும் உணர முடியவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முடிந்து வெளியே வரும்போது, சில மணி நேரத்துக்குக் குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்றார்கள். நம் ஃபிளாட்டின் லிஃப்டில் குழந்தை இல்லாத நேரம் ஏது? அதனால் நேரே பாடாங் கோத்தா திடலுக்குப் போய்க் கடலைப் பார்த்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு சீனப் பெண் கைக்குழந்தையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போனேன். அவள் இருந்த இடத்துக்கு வெயில் வந்ததும் அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த நிழலுக்கே வந்தாள். நான் மறுபடி எழுந்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மா, நான் கொஞ்ச நேரத்துக்குக் கதிர் வீசிக்கொண்டிருக்கிறேன்" என்று மலாயில் எப்படிச் சொல்வது? மத்தியானம் வரை அப்படியே மரத்துக்கு மரம் மாறி உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமாக ஒரு நாள் போனதில்லை.

மூன்று வாரம் கழித்து நாம் இரண்டு பேரும் தே தாரிக் குடிக்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ அன்று சண்டைக்கோழி மாதிரி இருந்தாய். கை துடைக்கும் தீசுத் தாளை எடுத்து மேசையில் விரித்து, பேனாவால் ஒரு ஆளை வரைந்தாய். முகம் இல்லை, தலை, உடம்பு, கைகால் மட்டும். தொடையிலும் தோளிலும் நெஞ்சிலும் கட்டம் கட்டமாகக் கோடு போட்டாய். "பதினான்காம் நம்பர்ப்பா. பேரு, ஊரு ஒண்ணும் எனக்குத் தெரியாது. இந்தத் தசையெல்லாம் இப்படித் தெரியவே கூடாது. சாப்பிட்டாத்தான் இப்படி வரும். சாப்பிட்டா இன்சுலின் வரும், தசையெல்லாம் கதவத் திறந்து சர்க்கரைய இழுத்துக்கும்." நான் பட்டையில் பார்த்த நம்பர் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "பால் குடிச்சாலுமா?" என்று மெதுவாகக் கேட்டேன். "பாலும்தான். என்னப்பா கேள்வி இது?" என்றாய். "ஆனா அவரு சாப்பிடல. ஃபாரத்துல இருக்கு. புரொபசர் அந்த ஆளு பொய் சொல்லியிருப்பான், தூக்கிப் போடுங்கிறாரு. நான் முடியாதுன்னுட்டேன். ஆராய்ச்சிக்குன்னு உடம்பக் கொடுத்த மனுஷன் சொன்னா நம்பணும்லா? நம்ம பொருள உள்ள ஏத்திக்கிட்டு ஒரு மணி நேரம் அசையாம படுத்திருக்காரு. அவர நம்பலன்னா யார நம்புறது?" இன்னும் இரண்டு பேரிடமும் லேசாக அப்படித் தெரிகிறது என்றும், வயதானவர்களின் தசையில் நமக்குத் தெரியாத ஏதோ நடக்கலாம் என்றும் கண் பளபளக்கச் சொன்னாய்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் இன்னொரு தே தாரிக் கொண்டுவரச் சொன்னேன். உனக்குப் பத்து வயதாக இருந்தபோது நீ செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி, உங்கள் குளியலறைத் தண்ணீர் என் கூரையில் ஒழுகுகிறது என்று வந்து நின்றாள். எங்கள் வீடு இல்லவே இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். தரையைப் பெயர்க்கிற வேலை எனக்குச் சோம்பலாக இருந்தது. நீ ஒன்றும் பேசாமல் துணிக்குப் போடும் நீலத்தைப் பாட்டிலோடு குளியலறைத் தரையில் கவிழ்த்துவிட்டு, கீழே போய் ஆன்ட்டி வீட்டில் மேலே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாய். சாயங்காலம் ஓடிவந்து, அவள் முன்னாலேயே, "அப்பா, நம்ம வீடுதான்! நீலமா வருது!" என்று குதித்தாய். சீனப் புத்தாண்டுக்குப் புதிதாக வெள்ளையடித்த கூரை! நான் உன்னைப் பாராட்டியிருக்க வேண்டும். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. உண்மையைக் கண்டுபிடித்ததற்காக ஒரு குழந்தையைத் தண்டித்த அப்பன் நான். அதற்கு இதுவரை நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை, இப்போது கேட்கிறேன்.

அந்தத் தேநீருக்கு மறுநாள் போன் வந்தது. நான் பசாரில் மீனுக்கு நின்றுகொண்டிருந்தேன். அதே மிஸ்ஸி. நீ புரொபசரிடம் வாதாடி, அந்த ஆளையே கேட்டுவிடுங்கள் என்று சொன்னதால் வந்த போன் அது. இந்த முறை அந்தப் பெண் சரியாகக் கேட்டது: "அங்கிள், அன்னிக்குக் காலையில தண்ணி தவிர ஏதாச்சும் குடிச்சீங்களா? பால், கோப்பி, பழம், எதுனாலும் சொல்லுங்க. தப்பே இல்ல." இதைவிட நல்ல கேள்வி கிடையாது. நான் "இல்லம்மா" என்றேன். ஒரே வார்த்தை. கவுண்டரில் சொன்னது தெரியாமல் சொன்னது, இது தெரிந்தே சொன்னது. உனக்காகச் சொன்னேன் என்றுதான் அன்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ எனக்காகப் புரொபசரிடம் சண்டை போட்டிருக்கிறாய், நான் உண்மையைச் சொன்னால் நீ தோற்றுவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். முழுக்க அதுவும் இல்லை. வெட்கம், பாப்பா. ஒரு புவாசாவைக்கூட ஒழுங்காக இருக்கத் தெரியாத கிழவன் என்று உன் இடத்தில் சிரிப்பார்களே என்ற வெட்கம்.

அன்று சாயங்காலம் நீ சமோசாப் பொட்டலத்தோடு வந்து, "அப்பா, அவரு சாப்பிடவே இல்லையாம்! நான் சொன்னேன்ல?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். என் பங்குச் சமோசாவை உன் அம்மாவின் தட்டில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நீ திட்டம் எழுதினாய், ஜப்பானிலிருந்து இடம் வந்தது, உன் அம்மா ஃபிளாட் முழுக்க லட்டு கொடுத்தாள். ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

தொழிற்சாலையில் ஒரு முறை, ஓவன் சூட்டை மணிக்கு ஒரு முறை பார்த்து எழுத வேண்டிய ஒரு பெண், பார்க்காமலேயே தாளை நிரப்பியிருந்ததைக் கண்டுபிடித்தேன். எல்லா எண்களும் அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தன, அதில்தான் சந்தேகம் வந்தது. லைனில் அத்தனை பேர் முன்னால் நிறுத்திக் கேட்டேன். "அண்ணே, பயத்துல போட்டுட்டேண்ணே" என்று அழுதது. "தெரியாம போட்டா விட்டுடலாம். கேட்ட பிறகும் ஒத்துக்கலன்னா அதுதான் பொய்" என்று பெரிய நீதிபதி மாதிரி சொன்னேன். அந்தப் பெண் கேட்டவுடன் ஒத்துக்கொண்டதே, அதை யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது எங்கே இருக்கிறதோ தெரியாது. கேட்ட பிறகும் ஒத்துக்கொள்ளாமல் இருந்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான்.

உன் இரண்டு வருஷத்தை இரண்டு பீசாங் மாஸ் மேல் கட்ட நான் விடமாட்டேன். அங்கே போய், ஒரு வருஷம் கழித்து எல்லார் முன்னாலும் அந்தப் படம் தப்பென்று தெரியவந்தால் நீ என்ன ஆவாய்? இந்தப் பயணம் இதனால் நின்றுபோகுமா, தள்ளிப்போகுமா, வேறு முதல் பக்கம் எழுதிக்கொண்டு போக விடுவார்களா, எனக்குத் தெரியாது. எது நடந்தாலும் என் மேல் கோபப்பட உனக்கு முழு உரிமை உண்டு. இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். அதற்கு மேலும் இருக்கலாம்.

ஆனால் ஒரு விஷயம் என்னை விடாமல் குடைகிறது. லேசாகத் தெரிந்தார்களே இன்னும் இரண்டு பேர், அவர்கள் யார்? நம்ம ஆட்களா? அவர்களும் விரதம் என்று சொல்லிவிட்டுப் பால் குடித்தவர்களா? இல்லை, நிஜமாகவே ஒன்றும் குடிக்காதவர்களா? குடிக்காதவர்கள் என்றால் உன் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. என்னைத் தள்ளிவிட்டு அவர்களைப் பிடி. இனிமேல் யாரிடமும் சாப்பிட்டீர்களா என்று கேட்கச் சொல்லாதே. எழுந்ததிலிருந்து வாய்க்குள் என்னென்ன போச்சு என்று கேட்கச் சொல். தமிழ்த் தாளில் விரதம் என்ற வார்த்தையே வேண்டாம். பால் கூடாது, பழம் கூடாது, கோப்பி கூடாது என்று ஒவ்வொன்றாக எழுது. பிரசாதமும் கூடாது என்று சேர்த்துக்கொள், நம் ஆட்கள் அதையும் சாப்பாட்டில் சேர்க்கமாட்டார்கள். மலாய்க்காரர், சீனர் வீட்டிலும் இப்படிச் சாப்பாட்டில் சேராத சாப்பாடு ஏதாவது இருக்கும், கேட்டுப் பார். எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இன்னொன்று. பதினான்காம் நம்பரை நம்பியது உன் தப்பில்லை. அவன் ஏமாற்றிவிட்டான் என்பதற்காகப் பதினைந்தாம் நம்பரைச் சந்தேகப்படாதே. முகம் தெரியாத ஒரு மனிதனுக்காக நீ உன் புரொபசரை எதிர்த்து நின்றதைக் கேட்டபோது, அந்த மேசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த எனக்குள் இருந்தது வெட்கம் மட்டும் இல்லை. இப்படி ஒரு பெண்ணைப் பெற்றேனே என்று அழுகை வந்தது. தே தாரிக் சூடு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நாளை வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு நான் அந்தக் கவுண்டருக்குப் போகிறேன். போனில் சொல்லமாட்டேன், போனில் எனக்கு என்ன வரும் என்று பார்த்தாயிற்று. நீ கூட வர வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். இதை முதலில் நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இன்று உன் பெட்டி மேல் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். அந்த மிஸ்ஸியிடம் பாலையும் சொல்வேன், பழத்தையும் சொல்வேன், போனில் சொன்ன பொய்யையும் சொல்வேன். அவள் எழுதிக்கொள்வதற்குப் பெயர் கேட்பாள். உன் அடையாள அட்டையிலும், உன் பட்டத்திலும், நீ எழுதிய ஒவ்வொரு ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இன்னாரின் மகள் என்று உன் பெயருக்குப் பின்னால் வருகிற அந்தப் பெயரைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு வேறு பெயர் இல்லை, பாப்பா.

அப்பா